படிக்காமல் விட்ட வீடு

பாக்கி வீடு, 8 ஜனவரி 1979

ஓட்னி,

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் குடாவின் தொலைபேசியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வீட்டுக்கும் ஒரே கம்பி. போன வாரம் அப்பாவின் இடுப்பு வலியை டாக்டரிடம் விவரித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நெஸ் வீட்டு தோர்கிரிம் புகுந்து, "கம்பளியைச் சுத்திக்கச் சொல்லுங்க டாக்டர், மாத்திரை குடுத்தா அந்த மனுஷன் நாய்க்குப் போட்டுடுவாரு" என்றான். டாக்டரும் கம்பளியையே எழுதிக் கொடுத்தார். ஆகவே கடிதம்.

இந்த ஆண்டு தோரி மாத நடுக்குளிர்கால விருந்தின் பொறுப்பு எங்கள் மூவர் தலையில் விழுந்திருக்கிறது: நான், தோர்கிரிம், தால் வீட்டு ஆஸ்லாக். சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை. வழக்கம்போல் அவரவர் மரத்தொட்டியில் அவரவர் வீட்டுச் சுறாவும், புளித்த மோர்த்தெளிவில் ஊறிய இறைச்சியும் வரும். மலைக்கு அப்பாலுள்ள பட்டணத்துக்காரர்கள் இந்த முறையும் கேட்டார்கள்: இரண்டு விருந்தையும் ஒன்றாக்கிவிடலாமாம், அவர்களுடைய பெரிய மண்டபம், வாடகைக்கு இசைக்குழு, ஓட்டல் சமையல். மறுத்துவிட்டோம். போன வருடம் அங்கே போய்ப் பார்த்தவள் நான். மேடையில் ஒருவன் மாமியார்களைப் பற்றி நகைச்சுவை சொன்னான். எந்த வீட்டு மாமியார் என்று கடைசிவரை சொல்லவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத மாமியாரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? நம் ஊர்க் கூடத்தில் சிரித்தால் அதற்கு ஒரு முகவரி உண்டு. உள்கோடியிலுள்ள தால் வீட்டில் ஆரம்பித்து, எங்கள் பாக்கி, உங்கள் ஹொல்ட் என்று கடல்வாயிலுள்ள நெஸ் வரை, ஒவ்வொரு வீடாக அந்த வருடத்து முட்டாள்தனத்தைப் படிப்போம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது.

சொல்கிறேன். ஹொல்ட் வீட்டின் முறை வரும்போது உன்னைப் பற்றித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை. செப்டம்பரில் நீ என் அண்ணன் இங்வாரை விட்டுப் போனது ஒரு விஷயம். அதற்கு, ஆட்டுக்குட்டிகளை அறுப்புக்கூடத்துக்கு ஏற்றிப் போகும் லாரியில் போனாயே, அது வேறு விஷயம். தோர்கிரிம் இப்படி எழுதிவிட்டான்: அறுப்புக்கூடத்து வாசலில் ஆள் நின்று காதுக்குறி பார்க்கிறான். எல்லாக் காதிலும் வெட்டு இருக்கிறது, ஒரு காதில் மட்டும் கம்மல். எந்த வீட்டு ஆடு என்று விசாரிக்க ஹொல்ட்டுக்குப் போன் போடுகிறான். இங்வார் நெடுநேரம் யோசித்து, "எடை எவ்வளவு வருது?" என்று கேட்கிறான்.

நான் சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஸ்வாவா


ரெய்க்யவிக், 16 ஜனவரி

ஸ்வாவா,

வேண்டாம்.

இந்த ஒரு வார்த்தையோடு உறையை ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தபால்தலை விலைக்கு இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

நான் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறேன். மீன் வேகவைக்கிறேன், உருளைக்கிழங்கு உரிக்கிறேன். இங்கே பனி விழும், மறுநாள் அதன்மேல் மழை பெய்யும், மூன்றாம் நாள் எல்லாரும் விழுவார்கள். தெருவிளக்கு விடியவிடிய எரிகிறது, இருட்டு என்ற ஒன்றே கிடையாது. இந்த ஊரில் குளிர்காலம் என்பது போக்குவரத்துச் செய்தி, அவ்வளவுதான். நீ வந்தால் ஒரு வாரத்தில் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பிப் போவாய். எனக்குப் பழகிவிட்டது.

நீங்கள் சிரிப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று மேலே எழுதி அடித்திருக்கிறேன். கவலை இருக்கிறது. அந்தக் கூடத்தில் வருடா வருடம் என்னைப் பற்றியும் படித்திருக்கிறார்கள். அப்போது நான் அங்கே இருந்தேன். முகம் சிவந்து, எழுந்து, "அடுத்த ஆளுக்குப் போங்கப்பா!" என்று கத்த முடிந்தது. இல்லாத ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அதற்குப் பெயர் புறம்பேசுவது.

அவனும் தாங்க மாட்டான். உன் அண்ணன் கெட்டவன் இல்லை, நான் யாரிடமும் அப்படிச் சொன்னதும் இல்லை. ஆட்டைக் கொட்டகையில் அடைத்த நாளிலிருந்து வெளியே விடும் நாள்வரை அவன் பேச மாட்டான். காலையில் "கிழக்குக் காத்து" என்பான். நான் "ஆமா" என்பேன். சாயங்காலம் ஆகிவிடும். அவனுக்குப் பேசவே வராது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கொட்டகை வாசலில் நின்று கேட்டேன், ஸ்வாவா. உள்ளே ஆடுகளோடு பேசிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நடந்தது, நடக்கப்போவது, உன் அப்பாவின் இடுப்பு, என் இருமல், எல்லாவற்றையும். என் இருமல் அவனுக்குக் கவலையாக இருந்தது என்பது ஆடுகளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹொல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் படிக்காதே. படித்தால் அந்தக் குடாவில் மறுபடி கால் வைக்க மாட்டேன். உனக்கும் எழுத மாட்டேன்.

ஓட்னி


பாக்கி, 25 ஜனவரி

ஓட்னி,

நீ கேட்டபடியே ஆகட்டும். ஹொல்ட் இல்லை.

நேற்று எங்கள் வீட்டுக்குச் சூரியன் வந்தது. நவம்பருக்குப் பிறகு முதல்முறையாக மலை விளிம்பில் ஒரு துண்டு. காபி போட்டு, பான்கேக் சுட்டு, சன்னலோரம் உட்கார்ந்தோம். பான்கேக் தீரும்முன் அது போய்விட்டது. அப்பா, "பார்த்தாச்சு, போதும்" என்று கம்பளியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். மின்சாரம் வந்த பிறகு இதற்கெல்லாம் அர்த்தமில்லை என்று பட்டணத்துப் பாதிரியார் சொல்கிறார். பொத்தானை அழுத்தினால் வரும் ஒன்றுக்காக யாராவது காபி போடுவார்களா என்று கேட்டேன். இந்த வயதில் என்ன பிடிவாதம் என்பதுபோல் பார்த்தார்.

கூட்டத்தில் நீ சொன்னதைச் சொன்னேன். தோர்கிரிம் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"வீட்டைத் தாண்டறதா? சாவு விழுந்த வீட்டைத்தானே தாண்டுவோம்?"

"அவ கேட்டுக்கிட்டா" என்றேன்.

"அவ இங்க இல்லவே இல்லையே. இருக்கிறவன்கிட்ட கேட்டியா?"

"அவன்கிட்ட கேட்டா பதில் மே மாசம்தான் வரும்" என்றாள் ஆஸ்லாக். பிறகு, "பாவம்பா, விட்டுடு. அந்த ஆளு போன வருஷம் பட்டது போதாதா?" என்றாள்.

அந்தப் பாவம்தான் வென்றது. எனக்கும் அது பிடித்திருந்தது. பழைய வழக்கம் ஒன்றை இரக்கத்துக்காகத் தளர்த்தும்போது ஒரு தனிச் சுகம் உண்டு. வழக்கத்தைக் காப்பாற்றும்போது அந்தச் சுகம் கிடைப்பதில்லை.

இங்வார் வந்திருந்தான், இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்டு. உன்னுடையது எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லையாம். வாசலில் நின்றபடி, "இந்தத் தடவை யாரு எழுதறா, நீயா?" என்றான்.

"தோர்கிரிம்தான்."

"நல்லது. அவன் எழுதினா நல்லாயிருக்கும்."

ஜனவரியில் இது அவனுக்கு ஒரு சொற்பொழிவு. ஏன் கேட்டான் என்று நான் யோசிக்கவில்லை.

ஸ்வாவா


பாக்கி, 6 பிப்ரவரி

ஓட்னி,

சனிக்கிழமை விருந்து முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வழியெல்லாம் பனி மூடியிருந்ததால் தோர்கிரிம் டிராக்டரில் சறுக்கு வண்டியைக் கட்டி, தால் முதல் எல்லாரையும் தொட்டியோடு ஏற்றி வந்தான். இங்வார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். காலர் மட்டும் இஸ்திரி ஆகியிருந்தது. வழக்கமாகக் கதவோரம் நிற்பவன், போய் முன்வரிசையில் உட்கார்ந்தான். தன் தொட்டியிலிருந்து பக்கத்திலிருந்தவர்களுக்கு இறைச்சி வெட்டிக் கொடுத்தான். நன்றாகத்தான் ஊறியிருந்தது, தனியாகச் செய்தவனுக்கு.

பாட்டு, சாராயம், பிறகு வாசிப்பு. தோர்கிரிம் மேசைமேல் ஏறினான். தால்: ஆஸ்லாக் தன் சொந்தக் கோழியை நரி என்று நினைத்துச் சுட்ட கதை. "அது முட்டை போட்டுட்டிருந்துச்சுப்பா, நரி முட்டை போடுமா!" என்று அவள் கணவன் கத்தினான். அடுத்தது நாங்கள்: பால் கறக்கும்போது புத்தகம் படித்து, பக்கத்தைத் திருப்புவதாக நினைத்து மாட்டின் மடியை நான் திருப்பிய கதை. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாக்கிக்கு அடுத்தது ஹொல்ட்.

இங்வார் கையிலிருந்த கத்தியைத் துடைத்து மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். முகம் முன்கூட்டியே சிவந்திருந்தது. தயாராகிவிட்டவனின் முகம்.

தோர்கிரிம் பக்கத்தைப் புரட்டி, ஹொல்ட்டுக்கு அடுத்த வீட்டைப் படித்தான்.

அந்த வீட்டுக் கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. சாவு விழுந்த வீட்டைத்தான் தாண்டுவோம் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இங்வார் எழுந்தான், தொட்டியை எடுத்தான், மேலங்கியைத் தேடாமல் வெளியே போனான். சறுக்கு வண்டிக்குக் காத்திருக்காமல் பனியில் நடந்தே ஹொல்ட் போய்ச் சேர்ந்திருக்கிறான்.

மறுநாள் போனேன். கொட்டகையில் இருந்தான்.

"ஏன் போயிட்ட?"

"என் வீடு செத்துப்போச்சுன்னு நீங்கதானே படிச்சீங்க."

"உன் வீட்டைப் படிக்கவே இல்லையே."

"அதான்."

அதோடு புல்லை அள்ளிப் போடத் தொடங்கிவிட்டான்.

திங்கட்கிழமை தெற்கே ஒரு வக்கீலுக்குப் போன் போட்டான். கோடையில் மட்டும் வந்து மீன்பிடிக்க ஒரு வீடு வேண்டுமென்று சில வருடமாக நம் குடாவைச் சுற்றிச்சுற்றி வருகிறாரே, அவருக்கு. அவன் பேசியதைக் கம்பியில் ஏழு வீடும் கேட்டோம். "ஏப்ரல்ல வாங்க, கையெழுத்துப் போட்டுடறேன். ஆட்டையெல்லாம் அதுக்குள்ள அனுப்பிடுவேன்" என்றான். யாரும் குறுக்கே பேசவில்லை. தோர்கிரிம்கூட.

ஹொல்ட் போனால் அந்தச் சன்னலில் ஜூலையில் மட்டும் விளக்கு எரியும், அதாவது இரவிலும் இருட்டாத, விளக்கே தேவைப்படாத மாதத்தில். பாக்கிக்கும் ஹொல்ட்டைத் தாண்டிய வீட்டுக்கும் நடுவே இருட்டு விழும். பனிப்புயலில் தோர்கிரிம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புகிறான். அதுகூடப் பெரிதில்லை. என் அண்ணன் ஒரு பட்டணத்துக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டு, பேச ஓர் ஆடுகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீ வேண்டாம் என்றாய், நான் கேட்டேன். யார் செய்தது என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. என்ன செய்யலாம் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

ஸ்வாவா


ரெய்க்யவிக், 15 பிப்ரவரி

ஸ்வாவா,

உன் கடிதத்தை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். இதுவும் என் தலையிலா என்று இரண்டு நாள் யாரோடும் பேசாமல் உருளைக்கிழங்கு உரித்தேன். சமையலறையில் இருக்கும் பெண், "உங்க வீட்டுல யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

ஹொல்ட் என் வீடும்தானே. பதினொரு வருடம் அந்த அடுப்பைப் பற்றவைத்தவள் நான். நீங்கள் தாண்டிப் போனது என்னையும்தான். அதை அவன் எனக்கு முன்னால் புரிந்துகொண்டுவிட்டான், அவ்வளவுதான். இரக்கப்பட்டு யாரையாவது விட்டுவிடுவது எவ்வளவு குளிரானது என்பது, அப்படி விடச் சொன்ன எனக்கே தெரிந்திருக்கவில்லை.

தோர்கிரிம் எழுதியது தப்பு. நல்ல நகைச்சுவை, ஆனால் தப்பு. இங்வார் எடை கேட்கிற ஆள் இல்லை. நடந்தது இது.

ஆடுகளை ஏற்றி முடித்ததும் நான் பையோடு வெளியே வந்தேன். முந்தின நாளே சொல்லியிருந்தேன், அவனும் "ம்" என்றிருந்தான். அவன் என் பையை வாங்கி முன்சீட்டில் வைத்தான். டிரைவரிடம், "பாலத்துக்கிட்ட மெதுவா போ" என்றான். அவ்வளவுதான். நான் ஒரு பெரிய பேச்சு தயார்செய்து வைத்திருந்தேன். கேட்க ஆளில்லாததால் மலை ஏறும்வரை டிரைவரிடம் அதைப் பேசினேன். அவர் கருவாடு நீட்டி, "அம்மா, எனக்குக் கல்யாணமே ஆகல" என்றார். பின்னால் எண்பது ஆடு கத்துகிறது, முன்னால் நான். பட்டணம் வந்து இறங்கியபோதுதான் பார்த்தேன், காலில் கொட்டகை பூட்ஸ். என் நல்ல செருப்பு ஹொல்ட் வாசலிலேயே இருந்தது. சாணி ஒட்டிய பூட்ஸோடு விமானத்தில் உட்கார்ந்து ரெய்க்யவிக் வந்தேன். பணிப்பெண் எனக்கு மட்டும் காபி கொடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இதை எழுது. என் பெயரைப் போட்டே எழுது. விருந்து முடிந்துவிட்டது, கூடத்தில் படிக்க முடியாது என்று தெரியும். அவன் சமையலறையில் போய்ப் படி. ஒரே ஓர் ஆளுக்குப் படித்தால் அது கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. இதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வருவேன் என்று இதற்கு அர்த்தமில்லை. அவனிடமும் அப்படிச் சொல்லிவிடாதே.

ஓட்னி


பாக்கி, 1 மார்ச்

ஓட்னி,

புயல் ஓயக் காத்திருந்து நேற்று போனேன். தோர்கிரிமும் கூட வந்தான். உன் கடிதத்தைக் கொடுத்து எழுதச் சொன்னால் நான்கு நாள் எடுத்துக்கொண்டு, முன்பைவிடக் கொடூரமாக எழுதியிருந்தான்.

இங்வார் எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. தோர்கிரிம் நின்றபடியே படித்தான். டிரைவர், கருவாடு, விமானம் எல்லாம். இங்வார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூட்ஸ் வந்ததும் கையைத் தூக்கினான்.

"நிறுத்து. அது அவ பூட்ஸ் இல்ல."

"அப்புறம்?"

"என்னோடது."

அவசரத்தில் நீ அவனுடையதை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாய், ஓட்னி. கடையில் அவன் அளவு வர நவம்பர் கடைசி ஆகிவிட்டது. அதுவரை உன் பூட்ஸுக்குள் பாதி காலை நுழைத்து, குதிகாலை வெளியே விட்டுக்கொண்டுதான் ஆட்டுக்குப் புல் போட்டிருக்கிறான். அக்டோபர் முழுவதும் அவன் நொண்டியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். துக்கம் மனிதனைக் காலில் தாக்கும் என்று ஆஸ்லாக் கேக் செய்து அனுப்பினாள். பாதிரியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

"அவரு ஜெபம் பண்ணும்போது சொல்லியிருக்கலாமே!" என்றான் தோர்கிரிம்.

"கேக்கு நல்லாயிருந்துச்சு."

அப்போது இங்வார் சிரித்தான். முதலில் இருமல் என்று நினைத்தேன். மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. தோர்கிரிம் பேனாவை எடுத்து பூட்ஸ், கேக், ஜெபம் எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

"இதை என்கிட்ட படிச்சு என்ன பண்றது? எனக்குத்தான் தெரியுமே. கூடத்துல படி" என்றான் இங்வார்.

"விருந்து முடிஞ்சு போச்சே. இனி அடுத்த வருஷம்தான்."

"சரி. அடுத்த வருஷம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. கொஞ்சநேரம் சன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போனின் கைப்பிடியைச் சுற்றினான். தொலைபேசி நிலையத்தில் தெற்கேயுள்ள அந்த வக்கீலின் எண்ணைக் கேட்டான். கம்பியில் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாகக் கருவியைத் தூக்கும் ஓசை எனக்கு அங்கேயே கேட்டது. "விக்கல" என்றான். காரணம் கேட்டிருப்பார் போல. "அடுத்த பிப்ரவரியில கூடத்துல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டான்.

உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது மட்டும், "அந்தக் குளிருக்கு அவளுக்கு அது தாங்குதா?" என்றான். பூட்ஸைச் சொல்கிறானா வேறெதையோ சொல்கிறானா என்று நான் கேட்கவில்லை.

ஸ்வாவா


ரெய்க்யவிக், 12 மார்ச்

ஸ்வாவா,

தாங்குகிறது என்று சொல். இரண்டுக்கும்.

உன் கடிதம் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன், பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் திரும்பி வரவில்லை. இந்தச் சமையலறையில் முந்நூறு குழந்தைகள் வாயில் மீனோடு என்னிடம் பேசுகின்றன. எனக்கு அது வேண்டியிருக்கிறது. உன் அண்ணனுக்குக் கொட்டகை வேண்டியிருப்பதுபோல. இதில் யார் மேலும் குற்றமில்லை. அவனுக்கே தனியாக எழுதியிருக்கிறேன், அவன் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் ஹொல்ட்டைப் படிக்கும்போது என்னை லாரி வரை மட்டும் படி. அதற்கப்புறம் அது அவன் வீடு. பூட்ஸும் கேக்கும் பாதிரியாரும் அவனுடையவை. நெஸ்ஸைப் படித்து முடித்ததும் வழக்கமாகக் காகிதத்தை மடித்துவிடுவீர்கள். இந்த முறை மடிக்காதீர்கள். நெஸ்ஸுக்கு அப்பால் கடல், கடலைச் சுற்றிக்கொண்டு வந்தால் என் வீடு, மூன்றாவது மாடி. அதையும் படியுங்கள். தோர்கிரிம் சம்மதிக்காவிட்டால், படிக்க என்னிடம் விஷயம் இருக்கிறது என்று சொல்.

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தேன். நம் ஊர் வழக்கம், கதவைத் தட்டுவதில்லையே. திறந்திருந்தது, உள்ளே போனேன். செருப்பைக் கழற்றினேன், காபி வைத்தேன், அடுப்பைச் சுற்றி இறைந்து கிடந்ததைத் துடைத்தேன். ரேடியோவில் வானிலைச் செய்தி போட்டேன். கிழக்குக் காற்று என்றார்கள். உள்ளறையிலிருந்து நீண்ட உள்ளாடையோடு ஒரு மனிதர் வந்து நின்றார். நான் இரண்டாவது மாடியில் நின்றிருந்தேன். இந்தக் கட்டடத்தில் எல்லாச் சமையலறையும் ஒன்றேதான். என்ன சொல்வதென்று தெரியாமல், "காபி ஆயிடுச்சு, உக்காருங்க" என்றேன். அவர் உட்கார்ந்தார். இரண்டு கோப்பை குடித்தார். மூன்றாவது ஊற்றும்போதுதான், "நீங்க யாரு?" என்றார். பெரிய கப்பல்களில் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவராம், வயது எழுபதை நெருங்குகிறது. ஆகவே தோர்கிரிம் தன் கற்பனையை அடக்கிக்கொள்ளட்டும். அடக்க முடியாவிட்டால் எழுதட்டும்.

அடுத்த வருட விருந்தன்று விமானம் பறந்தால் வருகிறேன். பறக்காவிட்டால், நான் இல்லாமலே சிரியுங்கள்.

ஓட்னி